பத்தொன்பதாம் போர்ட்

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை.
சீசன் தொடங்க இன்னும் நான்கு நாள்.
கணக்குப் பிரிவுக்குப் பின்னால்
போன வருஷத்துக் கூழ் புளிப்பு போகாத அறையில்
ஆளுயர ரேக். அதன் முன்
கவிழ்த்துப்போட்ட பழக்கிரேட்டில் நான்.

கூரையிலிருந்து தொங்குகின்றன
இருபத்து மூன்று நீலக் கேபிள்கள்.
இருபத்து நான்காவதை
அணில் தின்றுவிட்டது.

"இப்ப இருக்கிற மாதிரியே
கனெக்டரை அடிச்சு சுவிட்சுல சொருகிடும்மா.
பேனல் எதுக்கு, தண்டச் செலவு"
என்றார் மேலாளர் திம்மராயன்.

சுவருக்குள் ஓடுவது ஒற்றைச் செம்பு.
சொருகிப் பிடுங்கி மறுபடி சொருகினால்
உள்ளே முறிந்துபோகும்; மேலே தோல்
ஒன்றும் நடக்காததுபோல் பளபளக்கும்.
ஆட்டத்துக்கெல்லாம் அரைமீட்டர் பேட்ச் கார்டு உண்டு,
எழுபது ரூபாய், செத்தால் வேறு.
சுவர்க்கம்பியை ஓரிடத்தில் உட்காரவைத்து
இனி தொடாமல் விடுவதற்குத்தான் பேனல்.

இதெல்லாம் நான் சொல்லவில்லை.
"அணில் மறுபடி வரும் சார்" என்றேன்.
ஏனோ ஒப்புக்கொண்டார்.

பேனலின் முதுகில் வண்ணப்பட்டை இரண்டு வரிசை,
மேலே ஏ, கீழே பி.
பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறும்.
நீலம் அசையாது. பழுப்பும்.
வேகத்தில் வித்தியாசமில்லை, விலையிலும்.
எதையும் தேர்ந்துகொள்ளலாம்,
மறுமுனை அதையே தேர்ந்திருந்தால்.

ஓசூரில் எட்டு வருஷமாக என் கை பி.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்...
பஸ் தூக்கத்திலும் விரல் சொல்லிக்கொண்டே வரும்.
ஆனால் இங்கே வெட்டியெறிந்த
பழைய கனெக்டர் ஒவ்வொன்றையும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
பச்சைதான் முதலில். எல்லாம் ஏ.
எனக்கு முன்னால் இங்கே உட்கார்ந்திருந்தவர் யாரோ.
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன்.

உறை உரித்து, முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல்,
கருவியின் வெட்டுவாய் வெளிப்பக்கம் பார்க்க,
டக்.
ஒரு துளைக்கு எட்டு டக்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்குச் செம்பு
தெறித்து மடியில் விழுகிறது.

மாலை, டெஸ்டர்.
ஒன்று இரண்டு மூன்று என்று எட்டு வரை
பச்சை விளக்கு நடந்துபோனது, பதினெட்டு முறை.
பத்தொன்பதில்
மூன்று, ஆறு, ஒன்று, நான்கு, ஐந்து, இரண்டு, ஏழு, எட்டு.

பத்தொன்பது எடைமேடை.

"ஆறு வருஷமா ஒரு கிலோ தப்பலையே"
என்றார் கவுஸ் பாய், கேபினில்
டீ கிளாஸைக் கீபோர்டிலிருந்து நகர்த்தியபடி.
தப்பாதுதான்.
கம்பி குறுக்கே போனால் இப்போதைய சுவிட்ச்
தானே திருப்பிக்கொள்ளும், வாய் திறக்காது.
எத்தனை லாரி பெங்களூரா, எத்தனை டன்,
அத்தனையும் தப்பாய்க் கிளம்பி
சரியாய்ப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனக்கு மூன்று வழி.
அப்படியே விடலாம்.
பேனலில் பத்தொன்பதை மட்டும் பி ஆக்கலாம்,
அடுத்து வருகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.
அல்லது இங்கேயே.

சுவர்ப்பெட்டியின் இரண்டு திருகைக் கழற்றினேன்.
பல்லி முட்டை ஓடு, மண்,
மூடியின் உட்பக்கம் நீலப் பேனாவில்:
"கரண்ட் இல்லை. செல் வெளிச்சத்தில் போட்டது.
பார்க்கவும்."
பெயர் இல்லை.

கவுஸ் பாயிடம் காட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டு
"யாரை?" என்றார்.

எட்டையும் பிடுங்கி, நுனி வெட்டி,
ஏ வரிசையில் உட்காரவைத்தேன்.
வெளியே கல் ஏற்றிய லாரி ஒன்று
எடை போடக் காத்து ஹாரன் அடித்தது.
மூடியைப் பூட்டுமுன்
அந்த வரிக்குக் கீழே எழுதினேன்:
"பார்த்தாச்சு." தேதி.

பில்லில் பத்தொன்பதுக்கும்
மற்றவற்றின் விலைதான் போட்டிருக்கிறேன்.