நான்கு பக்கம்

ஆர்டிஸ் டாலஃப்சனின் ஓடைக்கு இரண்டு கரை,
இரண்டு மின் கம்பெனி.
அக்கரையில் ஒரு கடிதம் போதும், பதில்தான் வராது.
இக்கரையில் நாற்பத்தாறு பக்க விண்ணப்பம்.

"தினம் எத்தனை டன் நிலக்கரி?"
என்ற கட்டத்துக்குள்
"பனி உருகினால் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.
மூன்று முறை திருப்பி அனுப்பினேன்.
மூன்றாம் முறை தேதி தப்பென்று.

இப்போது மினசோட்டா முழுக்க ஒரே படிவம்.
நான்கு பக்கம்.
"நீர்" என்றொரு சின்னக் கட்டம்;
காகிதம் கிழியும்படி டிக் அடித்திருக்கிறாள்.
பதினோரு கிலோவாட்.
முத்திரை குத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சன்னலுக்கு வெளியே மைனஸ் இருபது.
ஓடை கல்லாகியிருக்கும்,
டர்பைனுக்குள்ளும் பனி.
ஏப்ரல்வரை அவளைக் காக்கவைக்கப்போவது
முதன்முறையாக
நான் அல்ல.