பிடித்தேன்

குன்சான் துறை. நியூசிலாந்துப் பைன் கட்டைகள்
பதினெட்டு நாள் கிடங்குக்குள் அடைந்து கிடந்து
காற்றின் உயிரைத் தின்று முடித்திருந்தன.
வாசனை மட்டும் நன்றாக இருந்தது.

கைதவறி விழுந்த டார்ச்சை எடுக்க
இறங்கினான் எல்பிடியோ.
ஆறாவது படியில் பிடி விட்டது.

அண்ணனைக் கூப்பிட்டபடி
பின்னாலேயே இறங்கப் பாய்ந்த ரோமுலோவை
இடுப்போடு கட்டிப் புரண்டேன்.
கடித்தான். விடவில்லை.
காற்றளக்கும் மீட்டர் பெட்டிக்குள்,
பெட்டிச் சாவி சீஃப் மேட் அறையில்.

பத்தொன்பது நிமிடம்.
முகமூடியோடு வந்த கொரியர்கள்
அவசரமில்லாமல்தான் அவனை மேலேற்றினார்கள்.

விசாரணைப் படிவத்தில் ஒரு கட்டம்:
அப்போது நீங்கள் செய்தது என்ன?
எழுதினேன், ஒரே சொல்.

ரோமுலோ என்னோடு பேசுவதில்லை.
மெஸ்ஸில், எதிர் மேசையில்,
சூப்பை
ஊதி ஊதிக் குடிக்கிறான்.