அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாள்

அட்வான்ஸ் பத்தாயிரம்.
கறை ஒன்றுக்கு இருநூறு பிடிப்பேன் என்று
ரத்தினாத்தாள் அக்கா சொல்லிவிட்டார்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அங்கேரிபாளையம் லைன் வீட்டில்
மூன்று வருசம், எட்டு மாசம்.
காலி செய்கிற ஞாயிறு
வெளிச்சம் வரும் முன்னே பக்கெட்டை எடுத்துவிட்டேன்.

கம்பெனியில் எனக்குக் கறை மேசை.
கப்பலேறும் வெள்ளை பனியனில்
எண்ணெய்ச் சொட்டு, மிசின் கரி, பேனாக் கிறுக்கல்,
எதற்கு எது என்று கைக்கே தெரியும்.
அங்கே எல்லாம் பருத்தி.
வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோசம்.

கண்ணாடியில் ஒட்டிய பொட்டுகள்
நாற்பதுக்கு மேல்.
பிளேடு வேண்டாம்.
தேங்காயெண்ணெய் தொட்டுச் சித்தெ நேரம் விட்டால்
கோந்து தானாக மனசு மாறும்.

குழாயில் போர் தண்ணீரின் உப்பு
தேமல் மாதிரி படர்ந்திருந்தது.
எலுமிச்சை மூடியால் தேய்த்து
ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அலசினேன்.
அதே சாறு
கடப்பாக்கல் மேடையில் சிந்தியிருந்தால்
இருநூறு போயிருக்கும்.
அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குடம்
புளி கேட்கும்;
கல்லுக்குப் புளிப்பே பகை.

நகப்பாலிஷ் துடைக்கிற தண்ணியால்
ஒருநாள் சீப்புப் பெட்டியைத் துடைத்தேன்.
மூடி குழைந்து
என் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டது.
அன்றிலிருந்து எதுவானாலும்
யாரும் பார்க்காத மூலையில் ஒரு சொட்டு,
நூறு வரை எண்ணிக்கை,
அதற்குப் பிறகுதான் நடு இடம்.

தையல் மிசின் அடியில் பழைய எண்ணெய்
வெல்லப்பாகாய் இறுகிக் கிடந்தது.
பெட்ரோல் தரட்டுங்களா என்றான்
எதிர் ரூம் மாதேசு.
பெட்ரோலுக்கு வண்டி இருக்குது தம்பி என்றேன்.
அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்து,
கொஞ்சமாய் மண்ணெண்ணெய்.
துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல்
வெளிக் கொடியில் விரித்துப் போட்டேன்.

பாத்ரூமுக்குச் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் மட்டும்.
காரணம், முதல் வருசப் பொங்கல்.
பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில்
இன்னும் வெளுக்கட்டுமே என்று
ஆசிட்டையும் ஊற்றினேன்.
சென்னியப்பன் என் கையைப் பிடித்து
வாசலுக்கு இழுத்து வந்தான்.
அன்று லைன் முழுக்க இருமியது.

அவன் கைக்குத்தான் எதுவும் இல்லை.
சாயப்பட்டறையில் பத்து விரலும் நீலம்.
கூட இருப்பவர்கள் சொன்னார்களென்று
ஒருமுறை பிளீச்சிங்கில் கழுவினான்.
நீலம் போனது, தோலும் போனது.
ரசஞ்சோற்றைத் தொட முடியாமல்
ஒரு வாரம் கரண்டியில் சாப்பிட்டான்.
இப்போது சோப்பு, எண்ணெய்.
மீதியைத் தோல் பார்த்துக்கொள்ளும்,
அதற்கு அவசரம் கிடையாது.

பதினோரு மணிக்கு அக்கா வந்தார்.
மேடையைத் தடவினார், குழாயைத் திருகினார்,
கண்ணாடியில் தன் முகம் பார்த்துக்கொண்டார்.
சுவிட்ச் பக்கம் நின்றார்.

"இது என்ன அம்மிணி?"

நான்கு விரல், நீலத்தில்.
குடிவந்த ராத்திரி கரண்ட் இல்லை.
இருட்டில் சுவரைத் தடவித் தடவி
அவன் தேடிய இடம்.

அது டிஸ்டம்பர் சுவர்.
ஈரத்துணி பட்டாலே சுண்ணாம்பு இறங்கும்;
ஸ்பிரிட் போட்டால் நீலம் இன்னும் பரவும்.
மூலையில் சொட்டு விட்டுப் பார்க்காமலே
எனக்குத் தெரியும்.

"இருநூறு பிடிச்சுக்குங்க அக்கா" என்றேன்.
அவர் இன்னொரு தடவை பார்த்தார்.
நூறுதான் பிடித்தார்.

கீழே டாட்டா ஏஸ் ஹாரன் அடிக்கிறது.
பாத்திரம், மிசின், மெத்தை எல்லாம் ஏறியாயிற்று.
பாட்டில்கள் மட்டும் மிச்சம்,
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பெயர்.
ஆசிட் முன் சீட்டில் அவன் காலடிக்கு.
பிளீச்சிங் டப்பா
பின்னால் மெத்தை மேல் என்னோடு வருகிறது.