மூலம் என்னும் கட்டம்

தட்டைத் திறந்தால் முதலில் வருவது வாசனைதான்.
புளித்த மாவும் ஈரச்சுவரும் கலந்தது.
கோபாலபுரம் எல்லைச் சாவடிக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட ஆய்வறையில்
காலை ஆறு பத்து.
முந்தாநாள் ராத்திரி போன பாலின் கிருமிகள்
வளர்ந்து நிற்கின்றன.

மருந்து தோய்த்த ஆறு பொட்டுகள் வைத்திருந்தேன்.
பொட்டைச் சுற்றி வெறுமையாய் இருக்க வேண்டும்,
மழைக்கு முன் நிலா கோட்டை கட்டுமே, அப்படி.
நான்கு பொட்டுகளுக்குக் கோட்டையே இல்லை.
விளிம்புவரை வந்து, மேலேயும் சாய்ந்து
மெத்தென்று முளைத்திருக்கின்றன.

லாரி போய்விட்டது.
பால் காய்ந்து, டீயாகி,
ஒற்றப்பாலத்தில் யாரோ குடித்து
கிளாசைக் கழுவியும் ஆயிற்று.

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: மூலம்.
“தமிழ்நாடுன்னு எழுதிக்கோ ஜன்னத்து” என்கிறார்
பிரபாகரக் குறுப்பு, பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.

எதை எழுத?
இதுகளுக்கு வாரிசுச் சான்றிதழ் கிடையாது.
அப்பன் சொத்து மகனுக்கு என்பது பாதி வழக்கம்தான்.
மீதி, பக்கத்தில் கிடப்பவனுக்கு.
மயிரிழையில் ஒரு பாலம் நீட்டி
வளையம் ஒன்றைப் பிரதியெடுத்துத் தந்துவிடும்.
தந்தவனிடமும் இருக்கும், வாங்கியவனிடமும் இருக்கும்.
பொள்ளாச்சியில் வாடகை வீடு கேட்டாலே
“நீங்க என்ன கூட்டம்?” என்பார்கள்.
இங்கே அந்தக் கேள்வியே இல்லை.

செத்தவனையும் விடுவதில்லை.
உடைந்த உடம்பிலிருந்து சிதறிய நூலை
எடுத்துத் தன் நூலில் முடிந்துகொள்ளும்.
சில சமயம் வைரஸ், அவசரத்தில் இருக்கும் கூரியர் பையன்,
இந்த வீட்டுப் பொட்டலத்தை
அந்த வீட்டில் இறக்கிவிட்டுப் போவான்.
பிரித்துப் பார்ப்பார்கள். பயன்பட்டால் திருப்பித் தருவதில்லை.
முந்நூறு கோடி வருஷமாய்
ரசீது இல்லாத கொடுக்கல் வாங்கல்.

கல்லூரியில் உயிர்களின் வம்சத்தை
மரமாய் வரையச் சொன்னார்கள்.
அடிமரம், கவை, கிளை.
ஸ்கேல் வைத்து வரைந்து ஒன்பது மார்க் வாங்கினேன்.
இன்று சொன்னால்
இந்த ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் முள்வேலியை வரைவேன்.
கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் ஏறி,
ஒன்றை இழுத்தால் மூன்றும் வருகிறது.

என் உடம்பு மட்டும் என்ன?
ஒவ்வொரு செல்லிலும்
எப்போதோ விழுங்கப்பட்டு, செரிக்காமல்,
வாடகை கொடுத்துத் தங்கிவிட்ட ஒன்று
மூச்சை எரித்துச் சூடு தருகிறது.
விழுங்கியவள் யார், எந்த ஊர்,
எந்தக் கட்டத்திலும் இல்லை.

ஏழரைக்கு அதே லாரி, காலியாய்.
வெள்ளைத்துரை இறங்குகிறான்,
இடது காலில் பழுப்பேறிய கட்டு.
“நம்ம லோடு பாஸா சேச்சி?”
“பாஸ்தான். பால்ல மருந்து மிச்சம் இல்ல.”
“கால்ல என்ன?”
“ரெண்டு மாசமாச்சு. உடுமலைல மூணு மாத்திரை
மாத்தி மாத்திக் குடுத்துட்டாங்க, கேக்கல.”

நான் கட்டைப் பார்க்கிறேன்.
தட்டைப் பார்க்கிறேன்.
அவன் பேசிக்கொண்டே ஹோஸைத் திறந்து
டேங்கின் வாயைக் கழுவுகிறான்.
வெள்ளைத் தண்ணீர் அவன் செருப்பை நனைத்து
சாவடிக் கம்பத்துக்கு அடியில் குனிந்து
வாய்க்காலுக்குள் இறங்குகிறது. மேற்கே.

“பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.
சீழை எடுத்து வளர்த்துப் பாக்கச் சொல்லுங்க.”

“வளர்க்கணுமா?” சிரிக்கிறான்.
“அதுதான் தானா வளருதே!”

குறுப்பு படிவத்துக்குக் கை நீட்டுகிறார்.
ஒன்பதாவது கட்டத்தில் ‘பால்’ என்று எழுதினேன்.
பொய் இல்லை.
மை காய்வதற்குள் வாங்கி
மடித்துவிட்டார்,
எதிர்ப்பக்கத்திலும் ஒட்டியிருக்கும்.