பூஜ்யம் பைட்

அரவேணுக்குக் கீழே
பதினான்கு இடங்களில் மண்ணுக்குக் காது வைத்திருக்கிறோம்.
ஒன்பது சாய்வுமானி, நான்கு மழைமானி.
மிச்சம் இருக்கும் ஒன்று என்னவென்று
பொருத்திய ஒப்பந்தக்காரருக்கே மறந்துவிட்டது.
ஆனாலும் பேசுகிறது,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே எண்ணை:
இருநூற்றுப் பதினேழு.

எல்லாக் கம்பியும் வந்து சேர்வது
கோத்தகிரியில், வர்க்கி சுடும் அடுப்புக்கு மேல்மாடியில்,
என் மேசைக்கு.
கேட்க இருப்பது ஒரே நிரல்.
ஒருத்தி, பதினான்கு வாசல்.

முதலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க எழுதினேன்.
இருக்கா, இருக்கா, இருக்கா.
சர்க்கரை வந்துவிட்டதா என்று
ரேஷன் கடைக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவளைப் போல
ஆகிவிட்டது ப்ராசசர்.
பிறகு ஒரு வாசலில் உட்கார்ந்துவிட எழுதினேன்.
மூன்றாவது மானி ஊமையாய்க் கிடந்த இரவில்
மற்றவை எல்லாம் கத்திய கதை
விடிந்துதான் தெரிந்தது.
ஒன்றும் ஆகவில்லை அன்றைக்கு.
அது என் சாமர்த்தியம் இல்லை.

அதற்கப்புறம்தான்
பட்டியலைக் கர்னலின் கையில் கொடுத்துவிட்டுத்
தூங்கக் கற்றுக்கொண்டோம், நிரலும் நானும்:
இதில் யார் வாய் திறந்தாலும் எழுப்பு.
யாருமே திறக்காவிட்டால்
முப்பது நொடியில் எழுப்பு,
இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்கிறேன்.

சைரனுக்குப் போகும் கம்பியையும் சேர்த்ததுதான் தப்பு.
எழுதலாமா என்று கேட்டால்
அது எப்போதும் எழுதலாம் என்றுதான் சொல்லும்.
எழுந்தேன், எழுதலாம். படுத்தேன், எழுதலாம்.
நொடிக்கு இரண்டு லட்சம் தடவை.
சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை,
கேட்க அதற்கு எப்போதும் நேரம் இருந்தது.
பெட்டி கொதித்தது.
கீழ்க்கடை இர்ஃபான் அதன்மேல் காலுறை காயப்போட்டான்,
"நல்லா வேலை செய்யுதுக்கா" என்றான்.

சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும்
கேட்பவரைப் பட்டியலில் சேர்.
கையேட்டில் இது ஒரு வரி.
எனக்கு மூன்று வாரம், நான்கு ஜோடி காலுறை.

ஐப்பசி பதினெட்டு. ராத்திரி இரண்டு பத்து.
ஏழாவது கம்பி தயார் என்றது.
வாசித்தேன்.
பூஜ்யம் பைட்.

பேசாமல் இருப்பது வேறு, இது வேறு.
பேசாதது பட்டியலில் தூங்கும்.
அறுந்துபோனதுதான் தயார் தயார் என்று கூப்பிடும்,
கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் அறை இருக்காது.

மண் சரிந்திருக்கலாம்.
காட்டெருமை மிதித்திருக்கலாம், போன மாதம் அப்படித்தான்.
ஆறும் எட்டும் நேராக நிற்பதாகச் சொல்கின்றன,
சாய்வு அரை டிகிரிகூட இல்லை.
சைரனை எழுப்ப விதி இடம் கொடுக்கவில்லை.
குஞ்சப்பனை சாவடிக்குப் போன் போட்டேன்.

"வண்டிய நிறுத்துங்க பெள்ளிராஜ் அண்ணா."
"என்னன்னு சொல்லி?"
பூஜ்யம் என்று எப்படிச் சொல்ல.
"ஏழு பேசல" என்றேன்.
"யாரு ஏழு?" என்றார்,
ஆனாலும் தடுப்பை இறக்கினார்.

இரண்டு காலி லாரி, ஒரு கல்யாண வேன்.
வேனில் ஒரு குழந்தை விடாமல் அழுவது
போன் வழியாக எனக்கும் கேட்டது.
டிரைவர் ஒருவர் என்னைத் திட்டியதும்.

ஏழை மூடினேன், பட்டியலிலிருந்து எடுத்தேன்.
எடுக்காவிட்டால்
இல்லாததே என்னை எழுப்பிக்கொண்டிருக்கும்.

மூன்று நாற்பதுக்கு அவர் டார்ச்சோடு போய்ப் பார்த்தார்.
"கம்பம் இருக்கு மேடம், ரோடு இருக்கு.
கம்பிதான் இல்ல.
கட்டிங் பிளேயர் வெச்சு சுத்தமா நறுக்கியிருக்கானுங்க.
தாமிரம் கிலோ என்ன வெல தெரியுமா?"
அந்த மழையில், அந்தச் சரிவில் ஒருவன் ஏறியிருக்கிறான்.
என் எந்த மானியிலும் அவன் எடை விழவில்லை.

தடுப்பைத் தூக்கிவிடச் சொல்ல வாயெடுத்தேன்.
கீழே முதல் ஈடு வர்க்கி வேகும் நெய்வாசம்.
திரையில் பதின்மூன்று வாசல், முப்பது நொடி.

பதினான்காவது கம்பி தயார் என்றது.
வாசித்தேன்.
இருநூற்றுப் பதினாறு.

"இருங்கண்ணா" என்றேன் போனில்.