இடது பக்கம் ஆறு கூடுதல்

"படத்துல இருக்கிறவன் எல்லாம்
ஜன்னல் பக்கமாவே ஒதுங்கிப் பேசறானே, ஏன்?"
என்றாள் பியூலா.
எனக்கு நடுவில்தான் நின்றார்கள்.

பதினொரு வருஷம் பிரஸ் ஷாப்.
தகடு வளையும் ஒவ்வொரு அடிக்கும்
இடது காது கொஞ்சம் கொஞ்சமாய்
சம்பளமில்லாத லீவில் போயிருந்தது.
அதைச் சொல்லாமல்
இடது ஸ்பீக்கரை மட்டும் ஆறு ஏற்றி வைத்திருந்தேன்.
தண்டையார்பேட்டை, மூன்றாவது மாடி,
பத்துக்குப் பதினொன்று அறை,
ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்,
பதினெட்டுத் தவணையில் இன்னும் ஏழு பாக்கி.

"உன் காதும் வேணாம், என் காதும் வேணாம்.
அளக்கிற மெஷின் ஒண்ணு வாங்கிக்கினு வா."

முதலில் போனில் பார்த்தோம்.
அவள் போன் அறுபத்தெட்டு என்றது,
என் போன் எழுபத்தைந்து.
ஒரே நாற்காலி, ஒரே இரைச்சல்.
போனுக்குப் பேச்சு போதும்;
அடித்தொண்டைக்குக் கீழே எது நடந்தாலும்
கண்டுகொள்ளாது.

பர்மா பஜாரில் நூருல்லா
மூன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்.
ஒன்று தீப்பெட்டி அளவு, விலையும் அப்படி.
'ஏ' மட்டும்தான்.
"'ஏ'ன்னா மனுஷக் காது மாதிரிண்ணே,
கனத்த சத்தத்தைக் கழிச்சுட்டு எழுதும்."
கழித்துவிட்டு எழுதுகிற காது
வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று
அவரிடம் எப்படிச் சொல்ல.

இன்னொன்று வெல்வெட் பெட்டிக்குள், சான்றிதழோடு.
விலையைக் கேட்டபின்
கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.
விமான நிலையத்துக்காரர்கள் வாங்கட்டும்.

நடுவில் இருந்ததில்
'சி' உண்டு, 'ஸ்லோ' உண்டு,
அடியில் முக்காலி திருகும் துளையும் உண்டு.
'சி' அவ்வளவாகக் கழிப்பதில்லை.
கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் நகரும்போது
தரை வழியாக வரும் உறுமல்,
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி
பள்ளத்தில் இறங்கும் அந்தத் தொம்,
காதுக்கு முன்னால் முழங்காலுக்குத் தெரிவதெல்லாம்
கணக்கில் வரும்.
இங்கே 'ஏ' வைத்து அளந்தால்
பாதி ஊர் காணாமல் போகும்.

பேரம் முடிந்தும் நம்பிக்கை வரவில்லை.
மறுநாள் ஷிஃப்டுக்கு எடுத்துப்போனேன்.
சேஃப்டி செக்ஷன் வரதகுட்டியிடம்
சின்ன டம்ளர் மாதிரி ஒன்று உண்டு.
மைக்கை அதன் வாயில் நுழைத்தால்
சரியாகத் தொண்ணூற்றுநான்கில் கூவும்.
என்னுடையது 93.4 என்றது.
"அரைப்புள்ளி கம்மி, பரவால்ல" என்றவர்
அப்புறம் மீட்டரைப் பார்க்கவில்லை.
அதைக் கேட்க நான் எந்தப் பக்கம்
தலை சாய்த்தேன் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டுக்காரர்கள் வேளாங்கண்ணி போயிருந்த ராத்திரி.
என் தலை இருக்க வேண்டிய உயரத்தில் முக்காலி.
என் தலை, எதையும் மறைக்காமல்,
தரையில் கிடந்தது.
மணல் சலிப்பதுபோல் ஒரு சத்தம்
ஸ்பீக்கர் ஸ்பீக்கராக நடந்து வர,
லாரி போகட்டும் என்று காத்திருந்து
எழுபத்தைந்து,
எழுபத்தைந்து,
தெருவில் எவனோ புல்லட்டை முறுக்கியதில் எழுபத்தேழு,
திரும்ப,
எழுபத்தைந்து.
இடதுக்கு ஏற்றிய ஆறையும்
ஒவ்வொன்றாய் நானே இறக்கினேன்.

பியூலா படத்தைப் போட்டாள்.
"இப்போ நடுவுல நிக்கறான் பாரு."
எனக்கு எல்லாரும்
வலது சுவரோரம் குடிபோயிருந்தார்கள்.
சொல்லவில்லை.

படம் முடிந்தது. ஃபேனையும் நிறுத்தினோம்.
மீட்டரை அணைக்க மறந்திருந்தேன்,
முக்காலி மேல் 43, 42, 43 என்று
விழித்துக்கொண்டே கிடந்தது.
சட்டென்று 58.

இடது பக்கம் திரும்பினேன்.
அவள் வாய் அப்போதுதான் மூடியது.
"இன்னா சொன்னே?"

எண்ணை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தாள்.
எழுந்து, தலையணையைத் தூக்கிக்கொண்டு
என்னைச் சுற்றி வந்து
வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"தவணை எப்போ முடியுதுன்னு கேட்டேன்."