மூன்று இலக்கத்துக்கு இடம்

'சேவை செய்த மொத்த மணிநேரம்' என்றொரு கட்டம்,
மூன்று இலக்கத்துக்குத்தான் இடம்.
ஆண்டின் சிறந்த அணித்தலைவிக்கான பரிந்துரைத் தாள்;
ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டிவிடும்.
எத்தனை போட, என்று அவளையே கேட்டேன்.
ஒரு கையால் சொக்ஸை உருவியபடி
மோரா கவனா சொன்னாள்:
'எண்ணவில்லை. உன் பூட்ஸை வெளியே தட்டு,
போன வாரம் வடிகால் அடைத்துக்கொண்டது.'

ஆகவே நான் எண்ணுகிறேன்.

நவம்பர் முதல் சனி. நாற்பத்தொன்றுக்கு ஐந்து.
ஐந்து, நாங்கள்.
ஸ்க்ரம்மின் நடுவில் அவள், அவளுக்கு வலப்பக்கம் நான்,
என் விலாவருகே சட்டையைக் கொத்தாகப் பற்றிய அவள் கை.
பதினாறு பேரின் பாரம் வந்து முட்டுகிற இடம் அது.
முப்பதாம் நிமிடத்துக்குப் பிறகு
அந்தப் பிடி இளகியிருந்தது.
லைன்-அவுட்டில் பந்து கோணலாய்ப் போயிற்று.
காற்று, என்றோம்.

அன்றிரவு மழை உறைந்து விழுந்தது.
பீட்டர்பரோவின் மரங்களெல்லாம் கண்ணாடி பூசிக்கொண்டு
கிளை கிளையாய் முறிந்தன.
எலும்பு முறிகிற அதே சத்தம்; எங்களுக்குப் பழக்கம்.
விடியமுன் கரண்ட் போனது.
ஓட்டனாபீ ஆற்றோரம் பதினொரு மாடிக் குடியிருப்பில்
லிஃப்ட் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் தொங்கிற்று.
குழுவில் அவள் எழுதியது ஒரே வரி:
'பூட்ஸ் வேண்டாம். சப்பாத்து. கையுறை. ஏழு மணி.'
ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
ஒலூச்சி மட்டும்
ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

படிக்கட்டு இருட்டு. நெற்றியில் விளக்கு.
நாற்காலியோடு தூக்கு: முன்னால் இருவர், பின்னால் இருவர்,
திருப்பத்தில் சறுக்காதிருக்க
சுவருக்கு எதிரே ஐந்தாவது ஆளின் முதுகு.
மைதானத்தில் நடுவர் சொல்கிற மூன்று சொல்லை
அன்று அவள் சொன்னாள்.
'குனி.' 'பிடி.'
முட்டச் சொல்லும் மூன்றாவதை மட்டும் மாற்றியிருந்தாள்:
'மெல்ல.'

பத்தாம் மாடி ப்ரெண்டா டூலி.
மடியில் ஒக்சிஜன் உருளை, அதன்மேல் கிளிக்கூண்டு.
கிளியை விட்டுவிட்டு வர ஏலாது.
'கிளியும் அணியில்தான்' என்றாள் மோரா.
ஏழாம் மாடியில் அது கம்பிக்குள்ளால் எட்டி
ஏற்கெனவே நசுங்கிப்போன என் காதில்
கடிக்க ஒரு புது இடம் கண்டுபிடித்தது.
'சுவரில் உரசாதீர்கள், இப்போதுதான் பெயின்ட் அடித்தார்கள்'
டூலி வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள்.
பந்தை நழுவவிடுவதில் பெயர்போன அணி.
அன்று எதுவும் நழுவவில்லை.

நடுவில் மார்க்கத்திலிருந்து அம்மா:
'உந்த விளையாட்டில கை கால் முறிஞ்சா
ஆர் பிள்ளை தூக்கிறது?'
'தூக்கிக்கொண்டுதான் நிக்கிறன் அம்மா,
பிறகு கதைக்கிறன்.'

பதினான்கு பேர். ஒரு பூனை. ஒரு கிளி.
மாலையில் தேவாலய அடித்தளத்தில் சூப் ஊற்றும்போது
அவள் கையுறையைக் கழற்றாததைக் கண்டேன்.
கரண்டியை உள்ளங்கைக்குள் செருகியிருந்தாள்.
இழுத்துக் கழற்றினேன். வலக் கட்டைவிரல்
கத்தரிக்காய் நிறம், ஏறத்தாழ அந்தப் பருமன்.
எப்போது?
'முப்பதாம் நிமிடம்.'
நேற்றா!
'கத்தாதே, சூப் ஆறுகிறது.'

கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.
தாளில் அதற்குக் கட்டமில்லை.
பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு
மனிதர்களைப் படியிறக்க வருவது
தலைமையா, வெறும் திமிரா?
நாலே காலுக்கு, பேனா மூடியைக் கடித்தபடி,
ஒவ்வொரு மாடியாக மறுபடி இறங்கிப் பார்க்கிறேன்.
நாற்காலியின் ஒரு காலைக்கூட அவள் தொடவில்லை.
எல்லாத் திருப்பத்திலும்
அந்த ஐந்தாவது முதுகு அவளுடையது.

'மணிநேரம்' என்பதை வெட்டிவிட்டு
'மாடி' என்று எழுதினேன்.
தொண்ணூற்றேழு.
ஒரு கட்டம் மீந்துவிட்டது.

கொல்லையில் அவள் இடக்கையால் வடிகாலைக் குத்துகிறாள்.
அங்கிருந்தே குரல்:
பூட்ஸைத் தட்டினாயா, இல்லையா?